மார்ட்டின் திருநாளில் பொறுக்கப் போனேன்

கார்ஃபன்யானா மலை,
12 நவம்பர் 1953

என் அன்புள்ள ஒரேஸ்தேவுக்கு,

உங்கள் செலிந்தா எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகள் இருவரும் மாதா புண்ணியத்தில் நலம். நீங்களும் நலம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். சுரங்கத்திலிருந்து நீங்கள் போட்ட மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டு பக்கம் இருமல்தான் இருக்கிறது. சளி கறுப்பாக வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டவில்லை.

கஷ்கொட்டை உலர்த்தும் குடிலில் நெருப்புப் போட்டாயிற்றா, மேல்தட்டு பாரம் தாங்குகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டோம். பாரத்துக்குத்தான் பஞ்சம். ஐந்து வீட்டுக் கஷ்கொட்டைகளை ஒரே தட்டில் கொட்டியும் கம்புகளின் இடைவெளி மறையவில்லை. கீழே நெருப்பருகே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் கூரை ஓடு தெரிகிறது. பெட்டியில் கஷ்கொட்டை மாவு சாம்பல் புதன் வரை வந்தால் பெரிது. தவக்கால நோன்பு இந்த முறை நம் வீட்டுக்கு முன்கூட்டியே வந்துவிடும்.

கோடையில் நம் தோப்பு மரங்களின் உச்சிக் கிளைகள் கருகுகின்றன என்று எழுதியிருந்தேன். வறட்சிதான், மழை பெய்தால் தளிர்க்கும் என்று பதில் போட்டீர்கள். மழை பெய்தது, தளிர்க்கவில்லை. பட்டை செம்மஞ்சளாக வீங்கி வெடிக்கிறது. லூக்கா நகரத்திலிருந்து விவசாய அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். கடைசி ஜெபத்துக்குச் சாமியாரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லும் வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மருந்து கிடையாது, வெட்டிவிடுங்கள் என்றார். சீக்கு வெட்டுக்காயம் வழியாக ஏறுமாம். ஒட்டுக்குச்சியோடும் கத்தியோடும் மரத்துக்கு மரம் போகுமாம்.

அவர் அதைச் சொன்னபோது உங்கள் தம்பி துயிலியோ பக்கத்தில்தான் நின்றார். வசந்தத்தில் நீங்கள் எழுதியபடி ஊற்றடிப் பெரிய மரத்தில் குச்சி வெட்டி, மேற்சரிவுக் கன்றுகள் அத்தனைக்கும் ஒட்டுப் போட்டது அவர்தானே. ஊரிலேயே இனிப்பான காய் அந்த மரத்துடையது, வேறு எதில் எடுப்பார்கள்? அந்த மரத்துக்குள்ளேயே சீக்கு ஏற்கெனவே இருந்திருக்கிறது. கன்றுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அன்று முதல் துயிலியோ நம் வீட்டில் சாப்பிட உட்காருவதில்லை. "அண்ணன் தோப்ப என் கத்தியாலேயே கொன்னுட்டேன், அண்ணி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். நீங்களும் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். நல்ல மரத்தில் குச்சி எடு என்று சொன்னது தப்பென்றால், இந்த மலையில் எல்லோரும் தப்புக்காரர்கள்தான்.

நேற்று புனித மார்ட்டின் திருநாள். அன்றைக்குக் கோயில் மணி அடித்துவிட்டால் எந்தத் தோப்பிலும் மிச்சத்தை யாரும் பொறுக்கலாம் அல்லவா? வருஷா வருஷம் நம் தோப்பு ஓரத்தில் விதவை அர்ஜெனே சாக்கோடு மணிக்குக் காத்து நிற்பாள். மணியடிப்பவனுக்குக் கை சுளுக்கிவிட்டதாம் என்று நீங்கள் அவளைச் சீண்டுவீர்கள். நேற்று ஆற்றுக்கு அக்கரையில், இன்னும் சீக்கு எட்டாத தோப்பு ஒன்றின் ஓரத்தில், அவள் பக்கத்தில் நான் நின்றேன்.

அவள் வாய் உங்களுக்குத் தெரியும். குத்திப் பேசுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவளோ, "பழகாத இடுப்பு, மொதல் நாள் வலிக்கும். எலைக்கு அடியில தேடு, மேல கெடக்கறதெல்லாம் சொத்தை" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.

வெட்டிய மரங்களைத் தோல் பதனிடும் சாறு எடுக்க ஆலை வண்டி ஏற்றிக்கொண்டு போகிறது. ஊற்றடி மரத்தைத் திங்கட்கிழமை வெட்டுகிறார்கள். நான் பார்க்கப் போவதாக இல்லை.

கிறிஸ்துமஸோடு ஒப்பந்தம் முடிகிறது, இனிச் சுரங்கத்தில் இறங்க மாட்டேன், வீட்டு நெருப்பருகே ஒரு குளிர்காலம் உட்கார்ந்தால் நெஞ்சு சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு நாளாக எடுத்து எடுத்து வைக்கிறேன். வந்தால் நாம் நால்வரும் எதைச் சாப்பிடுவது? பாவி என்று என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

மார்பில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொள்ளாமல் இறங்காதீர்கள். இறங்கும் ஒவ்வொரு நாளும் சுரங்கக்காரர்களைக் காக்கும் புனித பார்பரா உங்களைக் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிடட்டும். இத்துடன் ஒரு சிறு பொட்டலம் அனுப்புகிறேன். நேற்றுப் பொறுக்கியதில் பெரியதாகப் பார்த்து எடுத்து வைத்தவை. நம் தோப்புக் காய் என்றே நினைத்துச் சாப்பிடுங்கள்.

உங்கள்
செலிந்தா