நாவல் மரத்தடிக் குச்சு

ஆனி 27, 1931

மழை விடவில்லை. விறகு புகைகிறது. பேத்தி வேலுத்தாய் எனக்குப் பேன் பார்த்துக்கொண்டே, "அஞ்சாப்போட பள்ளிக்கூடத்த விட்டுட்டு, தாசில்தார் கணக்கா எழுதுறியே அப்பத்தா" என்கிறாள். வாய் நீளம். இந்த ஏலத்தோட்டத்து லயத்து வீடுகளில் எழுத்துத் தெரிந்த பெண் நான் ஒருத்தி. அடுத்தது அவள்தான்.

ஆடி 1

வேலுத்தாய் பெரியவளாகிவிட்டாள். மருமகள் ராமுத்தாய், "நம்ம கம்பம் ஊரு மாதிரியா இங்க? காத்தும் மழையுமாக் கெடக்கு. வீட்டு மூலையிலயே சேலையக் கட்டி உக்கார வைப்போம் அயித்தை" என்றாள். நான் ஒப்பவில்லை. என் மகன் கங்காணி குருசாமி பெத்த மகளைத் தனிக் குச்சு கட்டாமல் வைத்தார்கள் என்று ஊரில் பேசவா?

ஆடி 2

குச்சு கட்டத் தாய்மாமன் பிச்சைமணி, ராமுத்தாயின் தம்பி, வந்தான். தென்னோலை ஏது இங்கே, ஏலத்தட்டையும் ஈத்தை மூங்கில் இலையும்தான். காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால், வெட்டவெளியில் கம்பு ஊன்றினான். "ஆம்பளைக போற வர்ற வழிப்பா" என்று பின்பக்கம் நாவல் மரத்தடிக்கு மாற்றச் சொன்னேன். அண்ணாந்து பார்த்தான். "கிளை பட்டுக் கெடக்கு அயித்தை."

"அது எத்தனையோ வருசமா அப்படித்தான் கெடக்கு, கட்டு" என்றேன்.

ராமுத்தாய் அப்போது வேலைக்காட்டில் இருந்தாள்.

ஆடி 5

வேலுத்தாய் போய்விட்டாள்.

ஆடி 6

நேற்றுக் காலைக் காற்றில் கிளை முறிந்து குச்சின் மேல் விழுந்தது. அவளுக்குத்தான் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. கேட்டும் கிண்டினேன் — அடி பிடித்துவிடுமே என்று. என்ன பொம்பள நான்.

ஆடி 9

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பிச்சைமணியைத்தான் ஏசுகிறார்கள். "பட்ட கிளை கண்ணுக்குத் தெரியலயாடா" என்று ராமுத்தாய் கூடப்பிறந்தவனை அறைந்தாள். அவன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆடி 20

கருமாதிக்கு அவன் வரவில்லை. வண்டன்மேட்டுப் பக்கம் கூலிக்குப் போய்விட்டானாம். "இனி அவனும் எனக்குச் செத்தவந்தான்" என்கிறாள் ராமுத்தாய். குருசாமி என்னிடம், "விடும்மா, அவ ஆயுசு அம்புட்டுத்தான்" என்கிறான். எனக்கு ஆறுதல் சொல்கிறான், எனக்கு.

மகளும் இல்லை, ஒரே தம்பியும் இல்லை ராமுத்தாய்க்கு. என் வாயை எது கட்டுகிறது? துக்கமா? இல்லை. மரியாதை போய்விடுமே என்ற பயம். வேறொன்றுமில்லை.

ஆவணி 3

சொல்லிவிட்டேன். ராமுத்தாய் துணி பிழிந்துகொண்டிருந்தாள். "அந்த மரத்தடியில கட்டச் சொன்னது நான்தான். அவன் கிளையக் காட்டினான். நான் கேக்கல" என்றேன். பிழிந்த துணியையே திரும்பப் பிழிந்தாள். "அவனை அறையும்போது பக்கத்துலதான நின்னீக?" என்று மட்டும் கேட்டாள்.

ஆவணி 8

குருசாமி போய்ப் பிச்சைமணியைக் கூட்டிவந்தான். வந்தவன் வாசலிலேயே நின்றான். ராமுத்தாய் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இருவரும் அழுது ஓய வெகுநேரமானது. பிறகு அவனுக்கும் குருசாமிக்கும் சோறு போட்டாள், தானும் போட்டுக்கொண்டாள்.

சட்டியில் எனக்கும் இருந்தது. நானே போட்டு, அடுப்படியில் உட்கார்ந்து தின்றேன்.