அம்மாவுக்கு அவர்கள் வைத்த அடைமொழி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகவே நடமாடுகிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் எரிகிறது. அம்மாவைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகையில் வந்த செய்தியை நீ எல்லோருக்கும் அனுப்பி, அதில் போட்டிருந்த வார்த்தையையே எடுத்து, என் ஃபைஸ்டி (feisty) அம்மா என்று எழுதியிருந்தாய். முதலில் அந்த வார்த்தையை எடுத்துவிடு.

நம் கட்டடத்து லிஃப்ட் மழைக்கு முன்பே நின்றுபோனது உனக்குத் தெரியும். நாலாவது மாடி டெய்லர் மாமாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறார். நாற்காலியோடு தூக்கித்தான் இறக்குகிறோம். போன வாரம் படி திரும்புகிற இடத்தில் கை வழுக்கி, அவர் முழங்கால் சுவரில் மோதியது. அம்மா அப்படியே போய்க் கட்டட முதலாளியின் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டாள். நிருபர் வந்து படம் எடுத்ததும், முதலாளி உடனே சரி செய்வதாக வாக்குக் கொடுத்து எழுப்பி அனுப்பினான். மறுநாள் செய்தியில் அம்மாவின் நரை இருந்தது, கைப்பை இருந்தது, ஃபைஸ்டி இருந்தது. டெய்லர் மாமா இல்லை. லிஃப்டைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்கப் போனால், அம்மா ரொம்ப ஃபைஸ்டிங்க, எங்க ஆபீஸே அவங்க ரசிகர்தான் என்று முதலாளி சிரிக்கிறான். லிஃப்ட் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஆயுசு முழுக்கச் செய்தி எழுதிப் பிழைத்தவன் நான், விடுவேனா. அகராதிகளை எடுத்துப் பார்த்தேன். துணிச்சலும் துடுக்கும் உள்ளவர், சீண்டினால் சீறுபவர் என்று பொருள் போட்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிறந்த கதை வேறு. அமெரிக்கப் பேச்சில் ஃபைஸ்ட் என்றால் எல்லோரையும் பார்த்துக் குரைக்கும் குட்டி நாய். அதற்கும் முந்தைய ஆங்கிலத்தில் அது காற்றுப் பிரித்து நாறடிக்கும் நாய். நாகரிகமாகச் சொல்லியிருக்கிறேன், நீயே புரிந்துகொள். அந்த நிருபருக்குப் போன் போட்டால், பாராட்டித்தானே சார் எழுதினேன் என்கிறான். முதலாளியை அப்படி எழுதுவியா தம்பி என்றேன். அவரை எப்படி சார், அவரு பெரிய ஆளு என்றான். அந்த வார்த்தைக்கு இதைவிடச் சரியான பொருளை நான் எந்த அகராதியிலும் பார்க்கவில்லை.

அம்மாவிடம் கொதித்தேன். குட்டி நாய்னுதானே நினைக்கிறாங்க, வாசல்ல போய்ப் படுத்துக்குவோம், அந்தப் புக்கை மூடிட்டு வாங்க என்றாள். இன்று ஆஸ்பத்திரியிலிருந்து டெய்லர் மாமாவை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேராக இந்த அலுவலக வரவேற்பறைக்குக் கொண்டுவந்து, முதலாளி அறைக் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டிருக்கிறோம். இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இவரு எப்படிங்க மாடி ஏறுவாரு, நீங்களே ஒரு வழி சொல்லுங்க என்று அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறாள். டெய்லர் மாமா முதலாளியின் சட்டைத் தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று அவனிடமே சொல்லிவிட்டார். இப்போது முதலாளியின் சிரிப்பு நின்றுவிட்டது, லிஃப்ட் மெக்கானிக் பெட்டியோடு கிளம்பியிருக்கிறான்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். லிஃப்ட் ஓடியதும் ஒரு வரி எழுதி அனுப்புகிறேன், அதை அப்படியே எல்லோருக்கும் போடு. அதில் டெய்லர் மாமா இருப்பார், லிஃப்ட் இருக்கும், அம்மா செய்த வேலை இருக்கும். அடைமொழி இருக்காது.

இப்படிக்கு,
வரவேற்பறையிலிருந்து எழுந்திருக்காத
அப்பா