ஆற்றுக்கு வைத்த சுக்குக்காப்பி

முனைவர் பட்டம் சூடி மூவுலகையும் நடுங்க வைக்கும் மருமகளே,

தாமிரபரணி பிறந்த நாளிலிருந்து பொய்யே பேசாத உன் மாமா, இன்று ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளச் சடங்குகளை ஆராய நீ ஊருக்கு வந்தபோது, வெள்ளம் வடிந்ததும் ஆற்றுக்குச் சுக்குக்காப்பி வைத்து, "களைச்சிருப்ப, குடி தாயி" என்று சொல்வது ஆயிரம் ஆண்டு வழக்கம் என்றேன் அல்லவா? அது நான் அந்த நிமிடமே கட்டிவிட்ட கதை. பக்கத்தில் நின்ற உன் அத்தை சிரிப்பை அடக்கியதில் அவள் தோடுகூட ஆடியது. நீயோ அதைப் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமாக்கிவிட்டாய்!

இரண்டாம் பதிப்பு வருகிறது என்கிறாய். என் புளுகு மறுபடி அச்சேறினால் உன் பெயர் கெடும். அதனால் சொல்கிறேன்.

ஆனால் இதையும் கேள். உன் அத்தையை ஆறு கொண்டுபோன அந்த மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு நான் படித்துறைப் பக்கமே போகவில்லை. இந்தக் கார்த்திகையிலும் ஆறு கொஞ்சம் பொங்கி வடிந்தது. நேற்று விடியலில் ஏதோ சத்தம் கேட்டுப் போனால், பனிக்குள் நம் தெருப் பெண்கள் எல்லாரும் ஆவி பறக்கும் டம்ளரோடு நிற்கிறார்கள். உன் புத்தகத்தைப் படித்த சித்ரலேகா டீச்சரின் ஏற்பாடாம். ஆவியும் பனியும் கலந்ததில் ஆறு வானத்தில் ஓடுவதுபோல் இருந்தது.

"வாங்க அண்ணாச்சி, இன்னுமா இந்த ஆத்துத் தாயி மேல கோவம்?" என்று டீச்சர் ஒரு டம்ளரை நீட்டினாள்.

வாங்கிப் படியில் வைத்தேன். "களைச்சிருப்ப," என்றேன். டம்ளரை இன்னும் ஒரு படி கீழே, தண்ணீர் தொடும் இடத்துக்கு நகர்த்தினேன்.

அத்தியாயத்தை எடுத்துவிடாதே, மருமகளே. ஆயிரம் ஆண்டு என்பதை அடித்துவிட்டு, நேற்றிலிருந்து என்று எழுது.

இப்படிக்கு,
அகில உலகப் புளுகர்களின் சக்கரவர்த்தி,
உன் மாமா