மழைக்கு மட்டும் விழிக்கும் சர்வர்

ஆவணி, வியாழன் இரவு

எங்கள் கம்பெனியின் கிளவுட் சர்வர்களைப் போன வாரம்தான் ஏஐ உதவியாளரோடு இணைத்தோம். இன்று அது ஒரு சர்வரைக் காட்டி, "பல மாதங்களாகச் சும்மா இருக்கிறது, அழிக்கட்டுமா?" என்று கேட்டது. கூட வேலை பார்க்கும் குமார் 'சரி' அழுத்தப் போனான். கையைப் பிடித்துத் தடுத்தேன். புயல் வந்தால் கடலூர் மீனவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் சர்வர் அது.

"டேய், அது மழைக்காலத்துலதான்டா வேலை செய்யும்!"

"அந்த ஏஐக்கு எப்புடித் தெரியும் மச்சான்? நம்ம சொல்லவே இல்லியே."

ஏஐக்குக் கொடுத்திருந்த அழிக்கும் அனுமதியை உடனே நீக்கிவிட்டேன். இருந்தும் தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டுத் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். அன்று முழுக்க குமார்தான் தனியாக ஏஐயோடு உட்கார்ந்திருந்தான். எதற்கெல்லாம் 'சரி' அழுத்தினான் என்று கேட்பதற்குள் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டான். இப்போது போனை எடுக்க மாட்டேன் என்கிறான்.