கசட்டின் மறுபக்கத்துப் பாட்டு

3.2.81 செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. மழையைச் சாட்டி வீடு கட்டும் மேசனும் வரவில்லை.

பின்னேரம் என் மனிசன் பேசிப் பதிந்த கசட் வந்தது. சவூதியில் அவரோடு ஒரே அறையில் இருக்கும் சாய்ந்தமருது தௌபீக் லீவில் வந்திருக்கிறார், அவர் கையில் கொடுத்தனுப்பியது. கூடவே தைலம் இரண்டு போத்தல், மகளுக்குச் சட்டைத் துணி.

நான், உம்மா, மகள் மூவரும் இருந்து கேட்டோம். வழமைபோல் இரண்டு நிமிசம். சலாம், சுகம், சீமெந்து நனையாமல் பார், மகளின் வீட்டுக்கு வாசல் நிலை எந்தப் பக்கம் என்று மேசனிடம் கேள், வஸ்ஸலாம், டக். மனிசனுக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் வாயில் வராது.

உம்மா: "மருமகன் தந்தி அடிக்கிற மாதிரிக் கதைக்கிறாரு."

மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு வீடு கட்டத்தான் அவர் போனது.

பதிலுக்குப் பட்டியல்: நிலை மரம், ஓடு, மகளின் காது வலி, கிணற்றுக் கட்டு.

5.2.81 வியாழன்

பதில் பேச இன்றுதான் நேரம் கிடைத்தது.

கசட்டைத் திருப்பிப் போட்டேன். முன்பக்கம் அவர் பேச்சு, பின்பக்கம் என் பதில், அதே கசட் திரும்பிப் போகும். இரண்டரை வருடமாக இப்படித்தான். சிவப்புப் பட்டனையும் மற்றதையும் சேர்த்து அழுத்தினால்தான் பதியும். அவசரத்தில் ஒன்றைத்தான் அழுத்தியிருக்கிறேன். "அஸ்ஸலாமு அலைக்கும், நாங்க எல்லாரும் சுகம், ஓடு இன்னும் வரல்ல" என்று நான் தொடங்க, பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஆண் பாடுகிறான்.

ரேடியோப் பாட்டு என்று நினைத்தேன். பிறகு ஒரு இருமல். அந்த இருமலோடு பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

அவரேதான். தகரப் பேணியில் தட்டி, மெல்ல, இழுத்து. ஒரு அடி பாடி, நிறுத்தி, "ம்ஹூம்" என்று தனக்கே சொல்லி, ஒரு சொல்லை மாற்றி மறுபடியும். மாற்றியதுதான் நல்லது. அது எனக்கே விளங்கியது.

உம்மாட ஊட்ட உட்டு வந்தன்
ஒண்ட ஊட்டுல ஒண்டியிருந்தன்
மகள்ட ஊட்டக் கட்டித் தாறன்
எண்ட ஊடு எங்க புள்ள

கடைசி அடியில் தட்டுவது நின்றுவிட்டது. மூச்சு மட்டும் கேட்டது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் கலியாணம் முடித்து வருவான், இருப்பான், பிறகு தன் மகளுக்குக் கட்டுவான். என் வாப்பாவும் அப்படித்தான். இவருக்கென்று வீடு எது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நாலு தரம் கேட்டேன். இவ்வளவு நல்ல பாட்டை இந்த மனிசன் எங்கே வைத்திருந்தார்? கோபமாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. சோறு அடிப்பிடித்தது.

6.2.81 வெள்ளி

ஜும்ஆ முடிந்து தௌபீக் வந்தார். கேட்டேன், அவர் பாடுவாரா என்று.

"ஓம் ராத்தா, தெரியாதா? எங்கட ஃபோர்மன் ஒரு அமெரிக்கக் கறுப்பர். அவர்ட்ட ஒரு கசட் இரிக்கி, தானே பாட்டுக் கட்டி, தானே பாடி, தானே பதிஞ்ச ஒரு ஆள்ட. பாசை ஒண்டும் வெளங்காது. காக்கா வந்த புதுசுலயே அதக் கேட்டுட்டுச் சொன்னாரு, 'இவன் நெஞ்சால பாடுறான், எனக்கும் ஏலும்' எண்டு. அதுக்குப் பொறகு ஒவ்வொரு கசட்டுலயும் ஒங்களுக்கு ஒரு பாட்டு."

"எந்தக் கசட்டுல?"

"எல்லாத்துலயும். பின்பக்கத்துல. திரும்பி வந்தா அதுல ஒங்கட குரல்தான். ஓடு, சீமெந்து. 'அவவுக்குப் புடிக்கல்ல போல' எண்டு சிரிப்பாரு. பொறகு அடுத்ததப் பாடுவாரு."

"வேற எங்கயாச்சும் பதிஞ்சி வெச்சிரிக்காரா?"

"இல்ல ராத்தா. ஒங்களுக்கெண்டு பாடினதுதானே."

இதோடு பதினொரு கசட். பத்துப் பாட்டு என் வாயாலேயே அழிந்திருக்கிறது. ஒன்றின்மேல் பூனை குட்டி போட்ட கதை சொன்னது நினைவிருக்கிறது. அழுகை வரவில்லை. குசினியில் அடுப்புக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

8.2.81 ஞாயிறு

நல்ல வெயில். கல்முனைக் கடைத்தெருவில் புதுக் கசட் ஒன்று வாங்கினேன். பழையதின் மூலையிலுள்ள சின்னப் பிளாஸ்டிக் தகட்டை ஊசியால் உடைத்தேன். இனி அந்தப் பாட்டின்மேல் யாரும் பதிய முடியாது.

மேசன் வந்தார். "நிலைய எந்தப் பக்கம் வெக்கிற?"

"இப்ப வேல வேணாம்" என்றேன்.

உம்மா: "பொம்புளப் புள்ளைய ஊடில்லாம வெக்கப் போறியா? ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிட்டா?"

பெட்டியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

புதுக் கசட்டில் பேச உட்கார்ந்தேன். 'இது ஒங்கட ஊடுதான்' என்று சொல்லப் பார்த்தேன். பொய். வீட்டு உறுதிப் பத்திரம் என் பேரில். பட்டியல் இல்லாமல் பேசுவது இதுதான் முதல் தடவை. இரண்டு பட்டனும் அழுந்தியிருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தேன்.

"பாட்டுக் கேட்டன். மத்தப் பத்தையும் கேக்காமத்தான் அழிச்சன், புடிக்காம இல்ல. மேசன நிப்பாட்டிட்டன். வாசல் எந்தப் பக்கம் எண்டு நீங்க வந்து சொல்லுங்க."

அதற்கு மேல் வரவில்லை. நானும் தந்திதான். டக்.

பின்பக்கத்தில் ஒன்றும் பேசவில்லை. அது அவருக்கு.