கூடையில் இருந்தது கோழியா, முயலா

கெர்க்கென்னா
அக்டோபர் 19

என் அருமை மகள் எம்னாவுக்கு அப்பா எழுதுவது, அல்லாஹ்வின் கருணையால் இங்கே மூச்சும் ஓடுகிறது முழங்காலும் நடக்கிறது, லியோனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குளிர் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோடைக்கு வந்த கூட்டமெல்லாம் போய்விட்டது, ஃபெர்ரி காலியாக வந்து காலியாகப் போகிறது, தீவு மறுபடி நம்முடையதாகிவிட்டது. உன் அத்தை ஸீனா வெள்ளிக்கிழமை தவறாமல் கூஸ்கூஸ் கொடுத்தனுப்புகிறாள், உப்பு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துவிட்டாள், கேட்டால் என் ரத்த அழுத்தத்தைக் காரணம் சொல்கிறாள். போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றுதான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன், நிதானமாக உட்கார்ந்து படி.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் கடைசியில் ஆக்டோபஸ் பிடிக்க முப்பது மண்ஜாடிகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினேன். மிதவை கட்டினால் கண்டவன் தூக்கிவிடுவான் என்று நம் ஆட்கள் யாரும் கட்டுவதில்லை, கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் பார்த்து இடத்தை மனதில் வைத்துக்கொள்வதுதானே வழக்கம். மூன்று நாள் போனேன், என் இரண்டு அடையாளங்களில் பள்ளிவாசல் கோபுரம் தெரிந்தது, வளைந்த பேரீச்சை மரம் மட்டும் கண்ணில் படவேயில்லை, புகைமூட்டம் என்று நினைத்துக்கொண்டேன், ஜாடிகளும் கிடைக்கவில்லை. நேரே காப்பிக்கடைக்குப் போய், பக்கத்து வீட்டு ஷெட்லிதான் திருடிவிட்டான் என்று ஊர் கேட்கக் கத்திவிட்டு வந்தேன். அவன் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனான்.

உன் அம்மாவைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகம் உனக்குத் தெரியும், இப்போது நான்கு நோட்டுகள் ஆகிவிட்டன. கோடையில் எழுத நேரமேது, ஊர் அடங்கிய இந்த மாதத்தில்தான் முதலிலிருந்து படித்துத் திருத்துவேன். கோபம் தணியட்டும் என்று அன்றைக்கே நோட்டுகளைப் பிரித்தேன். நானும் உன் அம்மா மன்னூபியாவும் முதன்முதலில் பார்த்துக்கொண்ட கதை முதல் நோட்டில் இருக்கிறது, நான் அப்போது வேலை பார்த்த ஃபெர்ரியில் அவள் கூடையோடு ஏறினாள், கூடையிலிருந்து கோழி தப்பித்துவிட்டது, நான் துரத்திப் பிடித்துக் கொடுத்தேன். இரண்டாவது நோட்டிலும் அதே கதை இருக்கிறது, அங்கே கூடையில் முயல். மூன்றாவதில் கூடையில் ஒன்றுமே இல்லை, வெறும் கூடையைக் காற்று அடித்துக்கொண்டு போனதாம். மூன்றும் என் கையெழுத்து, மூன்றிலும் நேற்று நடந்ததுபோல அடித்துச் சொல்லியிருக்கிறேன். எம்னா, அவசரமாக அடுத்த நோட்டையும் புரட்டினேன். நான்காவது நோட்டில், அவள் இறந்த குளிர்காலத்துப் புயலில் வளைந்த பேரீச்சை விழுந்துவிட்டது என்றும் எழுதியிருந்தேன்.

செருப்பைக்கூடப் போடாமல் ஷெட்லி வீட்டுக்கு ஓடினேன். அவன் வலை பின்னிக்கொண்டிருந்தான், என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “பெரியப்பா, அந்த மரம் விழுந்து ஆறு வருஷம் ஆச்சு. இப்பல்லாம் நீங்க ஐஸ் ஃபேக்டரி கூரையைத்தானே பாக்குறீங்க. போன மாசம் அதை எனக்கே காட்டுனீங்களே.” என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனான், கயிறு போட்ட இடத்திலேயே இருந்தது, ஜாடிகளில் பதினொரு ஆக்டோபஸ். மன்னிப்புக் கேட்டேன், அதை விடுங்க பெரியப்பா என்று சிரித்தான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன், அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள், கூடையில் இருந்தது கோழியா முயலா.

மேலே உள்ளதை நேற்று எழுதி வைத்தேன். இன்று காலையில் தபாலில் சேர்க்கும் முன் முதல் நோட்டை இன்னொரு தடவை புரட்டினேன். கோழி என்ற இடத்தில், பக்கத்தின் ஓரமாக, அன்றைக்குக் கண்ணில் படாத மங்கலான பென்சிலில் என் கையெழுத்து: எம்னாவுக்கு எழுதிக் கேட்டாயிற்று, கோழிதான். கீழே போன வருஷ நவம்பர் தேதி. உன் கடிதங்கள் இருக்கும் பிஸ்கட் டப்பாவைக் கொட்டினேன், உன் பதிலும் இருந்தது, அதற்கு முந்தின வருஷத்துப் பதில் ஒன்றும் இருந்தது. இரண்டிலும் கோழிதான் அப்பா என்று அலுக்காமல் முழுக்கதையையும் எழுதியிருக்கிறாய், முன்பே கேட்டீர்களே என்று ஒரு சொல்கூட இல்லை. தெரிந்தும் நீ தனியாகச் சுமந்திருக்கிறாய் மகளே. நான் பயப்படுகிறேன், சாவுக்கில்லை, உன் அம்மாவை இன்னொரு தடவை இழந்துவிடுவேனோ என்று.

டிசம்பர் விடுமுறையில் வா, ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் டாக்டரைப் பார்க்கலாம், தனியாகப் போக எனக்குத் தைரியமில்லை. உனக்காக ஆக்டோபஸ் காயவைத்திருக்கிறேன். மூடுபனியில் கார் ஓட்டாதே, குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. அல்லாஹ் உங்கள் மூவரையும் தன் நிழலில் வைத்திருக்கட்டும், உன் கைபட்டதெல்லாம் செழிக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கோழியா முயலா என்று நான் மறுபடி கேட்பேன். அப்போதும் முதல் தடவை கேட்டதுபோலவே பதில் எழுது. உன் அம்மா பெயர் என்ன என்று கேட்டாலும்.

உன் அப்பா,
மொங்கி