ஃப்யூஸில் சுற்றிய ஜிகினாத் தாள்

1981, ஐப்பசி. வெள்ளிக்கிழமை.

இன்று செல்வத்தை அடித்துவிட்டேன். என் மனைவியின் தம்பி, பட்டறையில் எனக்குக் கூட்டாளி.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்ததால் ஊரே 'சொல்தா' என்று கூப்பிடுபவரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பட்டறைக்கு வந்திருந்தது. அவர் பிரான்சுக்குப் போனதிலிருந்து ஆறு வருடமாக ஷெட்டில் பூட்டிக் கிடந்தது; இப்போது திரும்பி வந்து, ஓட்ட வேண்டும் என்று கூடவே நின்றார். காலையில் ஃப்யூஸ் பெட்டியைச் செல்வம் துடைத்தான். நான் புது பேட்டரியை மாட்டி ஹெட்லைட் சுவிட்சைப் போட்டேன். டாஷ்போர்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. எலி கடித்த ஒயர் பாடியில் உரசியிருக்கிறது. ஃப்யூஸ் போயிருந்தால் அதோடு நின்றிருக்கும். போகவில்லை. ஒரே நிமிஷத்தில் ஒயர் மொத்தமும் கரி. பேட்டரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பார்த்தால், ஃப்யூஸில் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள் சுற்றியிருந்தது. அதைச் சுற்றினால் போன ஃப்யூஸிலும் கரண்ட் ஓடும்; ஒயரே எரிந்தாலும் நிற்காது.

"எவன்டா சுத்துனது?"

"மூடிய மேலாக்க தொடச்சதோட சரி மாமா. உள்ள கையே வைக்கல."

பொய் சொல்கிறான் என்று கையிலிருந்த ஸ்பேனராலேயே அடித்தேன். புருவம் பிளந்தது. விழுந்தவனை மிதித்தேன். சொல்தாதான் என்னை இழுத்துப் பிடித்தார்.

பிறகு அந்தத் தாளைப் பிரித்தேன். அடியில் பச்சைக் களிம்பு அப்பியிருந்தது. காலையில் சுற்றிய தாளில் களிம்பு ஏறாது. ஆறு வருடத்துக்கு முன், வண்டியை ஷெட்டில் விடும் அவசரத்தில், "இப்போதைக்கு இது போதும்" என்று சுற்றியவன் நான்தான்.

ஆஸ்பத்திரியில் நான்கு தையல். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ண சுத்துற ஹேண்டில் எகிறி அடிச்சிடுச்சி சார்" என்றான் செல்வம்.

தாள் என் சட்டைப்பையில் இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.